தேவானையின் இரண்டாவது முடிச்சு

தேவானைக்கு வயது ஐம்பத்தொன்று. அதில் இருபத்து நான்கு வருஷத்தை ஒரு ஸ்டூலின் மேல் கழித்தவள். மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், சிவப்புக் கட்டடத்தில் இயங்குகிற நீர்நிலைப் பதிவேட்டு அலுவலகத்தின் மாடிப்படிக்குப் பக்கத்தில் அந்த ஸ்டூல் கிடந்தது. மூன்று கால் அரசாங்கம் கொடுத்தது. நாலாவது கால் தேவானையே ஆணி அடித்து நிறுத்தியது. அலுவலக உதவியாளர் ஸ்டூலில்தான் உட்கார வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. விதியில் இல்லாததைத்தானே நம் அலுவலகங்கள் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலி. முதுகைச் சாய்க்க ஒரு பலகை, கையை வைக்க இரண்டு கட்டை. அரசாங்க மொழியில் அதற்குப் பெயர் பதிவறை எழுத்தர் பதவி. பழைய கோப்புகள் அடுக்கியிருக்கிற பதிவறைக்குள் அந்த நாற்காலி இருந்தது. அதற்காகவே முப்பத்தெட்டாவது வயதில் பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதினாள். கணக்கில் இரண்டு தடவை மூழ்கி, மூன்றாம் தடவை தலை தூக்கினாள். பதவி உயர்வுப் பட்டியலில் பெயரும் வந்தது. வந்த பெயரை ஒரு டெலிபோன் மணி அடித்துவிட்டுப் போயிற்று.

அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தக் கட்டடத்தில் தினமும் தேசியக் கொடி பறக்கும். காலையில் ஏற்றுவது காவலாளி, மாலையில் இறக்குவது தேவானை. ஒரு நாள் முற்பகல் அலுவலகத்துக்குப் போன் வந்தது. எடுத்தவர் அப்போது இளநிலை உதவியாளராக இருந்த மதிவாணன். மூத்த தலைவர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று மறுமுனை சொன்னது. மதிவாணன் படியருகே ஓடிவந்து, “தேவானை, கொடிய அரைக்கம்பத்துக்கு இறக்கு, சீக்கிரம்” என்றார். இறக்கினாள். வாசலில் போன ஒரு டி.வி. கேமரா அதைப் படம் பிடித்தது. அந்தத் தலைவரோ ஆஸ்பத்திரியில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே தன் மறைவுச் செய்தியைப் பார்த்து, இரண்டாவது கரண்டி ரசம் கேட்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் திடமாக வாழ்ந்தார்.

விசாரணை வந்தது. “நான் சொல்லவே இல்லையே சார். அந்தம்மாவா பண்ணிட்டாங்க” என்றார் மதிவாணன். போனில் பேசியவனுக்கு முகம் இல்லை, மதிவாணன் வாய்க்குச் சாட்சி இல்லை, கயிற்றைப் பிடித்த கை மட்டும் தேவானையுடையது. எனவே அவள் மேல் பதினேழு-பி பாய்ந்தது. அரசு ஊழியர்கள் பேய்க்குப் பயப்பட மாட்டார்கள், அந்தக் குற்றக் குறிப்பாணைக்குப் பயப்படுவார்கள். பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. மதிவாணன் உதவியாளரானார், பிறகு கண்காணிப்பாளரானார், சுழலும் நாற்காலி பெற்றார்.

அன்றிலிருந்து தேவானைக்கு ஒரே ஒரு கொள்கை. “எய்தி குடு சார்.”

எதுவானாலும் சரி. டீ வாங்கி வரச் சொன்னாலும் துண்டுச் சீட்டு வேண்டும்: ‘மூன்று டீ, ஒன்று சர்க்கரை இல்லாமல்’, கீழே கையெழுத்து. சிரித்தார்கள். அந்தச் சீட்டுகளை அவள் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருந்தாள். ஒன்பது வருஷத்து டீ அந்தப் பையில் ஆதாரத்தோடு இருந்தது.

“செத்தாலும் நீ எமன்கிட்ட எழுதிக் கேப்பே போல” என்பாள் ஐவி. ஐவி அங்கே தட்டச்சர். சாந்தோம் மாதா கோயில் பங்கில் நாலைந்து தலைமுறையாக இருக்கிற குடும்பம். மதியச் சாப்பாட்டில் தேவானையின் வஞ்சிரக் குழம்பில் சரிபாதி அவளுக்குப் போகும்.

“கேக்காம? அவுரும் அப்பால ‘நான் இட்டாரச் சொல்லவே இல்ல’ன்னுட்டா?” என்பாள் தேவானை.

இந்த வருஷம் அவள் பெயர் மறுபடி பட்டியலில் ஏறியிருந்தது. நவம்பர் முப்பது அன்று பட்டியல் இறுதியாகும். அதுவரை ஒரு மெமோகூட வராமல் இருந்தால் நாற்காலி. வந்தால், ஓய்வு பெறும் வரை ஸ்டூல்.

சரியாக அந்த நவம்பரில்தான் கரைகண்டவேள் வந்து சேர்ந்தார்.

கரைகண்டவேள் ஒரு குறுநில மன்னர். அடையாற்றில் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு கல் வடிவத்தில் வெளிப்பட்டார். கல்லின் மேல்பாதியில் ஒரு கொடி, கொடியில் பத்துக் கால் உள்ள ஒரு உருவம். கீழ்பாதியில் நாலு வரி: ஆற்றுக்குக் கரை கட்டினார், அதற்காகக் கரையிலிருந்த குடில் முந்நூறையும் நீக்கி, குடியிருந்தாரை ஏழு காதம் தெற்கே அனுப்பினார்.

உருவம் நண்டு என்று நிபுணர்கள் சொன்னார்கள். சூரியன் என்று சிலரும் தாமரை என்று சிலரும் சொல்லிப் பார்த்து, ஏதோ காரணத்தால் இரு தரப்பும் ஒரே நாளில் அடங்கிவிட்டார்கள். நண்டு நின்றது. சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ‘நண்டுக்கொடி மீட்புக் குழு’ என்று ஒன்று கிளம்பி, வெள்ளத்தைத் தடுத்த முதல் தமிழன் கரைகண்டவேள், அவன் கொடி அரசுக் கட்டடங்களில் பறக்க வேண்டும் என்றது. ‘ஆற்றங்கரை மக்கள் கூட்டமைப்பு’ என்று இன்னொன்று, குடிசைகளைப் பிடுங்கியவன் கொடியை அரசாங்கமே ஏற்றினால் இன்றைக்குப் பிடுங்குகிறவர்களுக்கு அது ஆசீர்வாதம் ஆகிவிடும் என்றது. முதல் தரப்பு அதை மறுவாழ்வுத் திட்டம் என்றது. இரண்டாம் தரப்பு வெளியேற்றம் என்றது. இருவரும் ஒரே கல்லைத்தான் காட்டினார்கள்.

தேவானைக்கு இதில் ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.

“ஐவிம்மா, ஏழு காதம்னா எவ்ளோ தூரம்?”

“எழுபது கிலோமீட்டர் இருக்கும்ங்கிறாங்க.”

“அப்ப எங்கள வுட தூரம்தான்” என்றாள் தேவானை. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்து, வெள்ளத்துக்குப் பிறகு குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவள் அவள். எட்டாவது மாடி வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, இரண்டு பஸ் மாறி மயிலாப்பூருக்கு வருகிறவள். “அந்தாளு பஸ்ஸாவது வுட்டானா?”

“நீ எந்தப் பக்கம்? சொல்லேன்.”

“நானா? கவுறு பக்கம். கொடிய பாக்கறவன்லாம் அண்ணாந்து பாத்துகினு கீறான். கீய நின்னுகினு கவுத்த புடிக்கிறவ நான்தான?”

நவம்பர் பதினேழு கரைகண்டவேள் திருநாள் என்று அறிவிப்பு வந்தது. அவர் பிறந்த நாள் யாருக்கும் தெரியாததால் மீட்புக் குழுத் தலைவர் சேரனுக்குச் சௌகரியமான நாளில் பிறந்தார். கம்பம் உள்ள அரசுக் கட்டடங்களில் கொடி ஏறும் என்று செய்தித்தாளில் இருந்தது. அரசாணை தனியே வரும் என்றும் இருந்தது. நீர்நிலைப் பதிவேட்டு அலுவலகத்தின் முகப்பில், வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட இரண்டாவது கம்பம் ஒன்று காக்கைகளுக்காக நின்றுகொண்டிருந்தது. முதல் விழாவே அங்கேதான் என்று முடிவாயிற்று. தேசியக் கொடியை விட உயரமாக இருக்கக் கூடாதே என்று டேப் வைத்து அளந்து, இரண்டாவது கம்பத்தை ஒரு அடி அறுத்தார்கள்.

ஆணை மட்டும் வரவில்லை. ஐவி கோப்புப் போட்டாள்: ‘கொடி ஏற்றுவது குறித்து எழுத்துப்பூர்வ ஆணை வேண்டி.’ அதில் மதிவாணன் ‘மேலிடத்துடன் பேசுக’ என்று எழுதினார். மேலிடம் ‘பேசுக’ என்று எழுதித் திருப்பியது. மதிவாணன் ‘பேசினேன்’ என்று எழுதிக் கோப்பை மூடினார். என்ன பேசினார்கள் என்பது கோப்பில் இல்லை. அரசாங்கம் வாயால் நடக்கிறது, கையெழுத்தால் மாட்டிக்கொள்கிறது என்பதை நன்கு அறிந்த இருவர் பேசிய பேச்சு அது.

பதினாறாம் தேதி மதிவாணன் படியருகே வந்தார்.

“தேவானை, நாளைக்கு ரெண்டாவது கம்பத்துல நண்டுக்கொடி. பூ வெச்சு, முடிச்சு போட்டு, அழகா ரெடி பண்ணிடு.”

“எய்தி குடு சார்.”

“ஏம்மா, பேப்பர்ல வந்திருக்கு, டி.வி.ல வந்திருக்கு, ஊரே பேசுது. உனக்குத் தனியா ஆணை போடணுமா?”

“அன்னிக்கும் போன்லதான் சார் வந்துச்சு.”

மதிவாணன் முகம் ஒரு நொடி வேறு பக்கம் பார்த்தது. “கட்டுனா கட்டு. கட்டலன்னா, கீழ்ப்படியாமைன்னு மெமோ. பட்டியல் முப்பதாம் தேதி, ஞாபகம் இருக்கில்ல?”

கட்டாவிட்டால் இப்போதே மெமோ. கட்டிவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால், ‘நான் சொல்லவே இல்லையே’ என்று ஒரு மெமோ. இரண்டு பக்கமும் ஸ்டூல்தான். தேவானை கொடியை வாங்கிக்கொண்டாள்.

விழாக் கொடியை அவள் மடிப்பதை ஐவி வருஷா வருஷம் வேடிக்கை பார்ப்பாள். துணியை நீளவாக்கில் நாலாக மடித்து, நடுவில் ரோஜா இதழும் சாமந்தியும் பரப்பி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு நுனி மட்டும் உருவி வருகிற மாதிரி முடிச்சுப் போடுவாள். பொட்டலம் கம்பத்தின் உச்சிக்குப் போய்க் காத்திருக்கும். கீழே பிரமுகர் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து, கொடி விரிந்து, பூ அவர் தலையில் கொட்டும். தான் ஏதோ சாதித்துவிட்டதாக அவர் முகம் மலரும். இருபத்து நான்கு வருஷத்தில் தேவானையின் முடிச்சு ஒரு பிரமுகரையும் கைவிட்டதில்லை.

பதினேழாம் தேதி காலை ஐவி கருநீலத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் நண்டு மடிப்புக்குள் போயிற்று. பூவும் போயிற்று. முடிச்சு விழுந்தது. அதற்கு மேல் தேவானை கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு, பல்லால் இழுத்து இறுக்கினாள்.

“ஏய், இது என்ன புதுசா ரெண்டாவது முடிச்சு?”

“மொத முடிச்சு கவுருமெண்டுக்கு” என்றாள் தேவானை. “ரெண்டாவது எனக்கு. எய்தி வந்துச்சுன்னா நானே ஏறி அவுத்து வுட்றேன். அதுவரிக்கும் அந்த நண்டு உள்ளயே குந்தட்டும்.”

ஐவி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள்.

பத்தரை மணிக்குச் சேரன் வந்தார். பட்டு வேட்டி, கருநீலத் துண்டு, துண்டின் இரு முனையிலும் நண்டு. பேண்டு வாத்தியம் தயாராக இருந்தது. கேமராக்கள் அண்ணாந்தன. சேரன் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். பேண்டு முழங்கியது. கொடி விரியவில்லை.

பேண்டு பாதியில் நின்றது. சேரன் சிரித்தபடி இன்னொரு இழுப்பு இழுத்தார். மேலிருந்து ஒரே ஒரு சாமந்தி இதழ் யோசித்து யோசித்து இறங்கி மதிவாணனின் வழுக்கையில் உட்கார்ந்தது.

“என்னய்யா இது? இழுங்கய்யா!” என்றார் சேரன். குழுவினர் நாலு பேர் சேர்ந்து தேர் இழுப்பது போல இழுத்தார்கள். இழுக்க இழுக்க இரண்டாவது முடிச்சு இறுகியது. கடைசியில் கயிறு உச்சியிலிருந்த உருளையை விட்டு இறங்கி இடுக்கில் சிக்கிக்கொண்டது. இனிமேல் மேலேயும் போகாது, கீழேயும் வராது.

மதிவாணன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். “தேவானை, என்ன பண்ணி வெச்சிருக்க?”

“சிக்கிச்சு சார். ஏணி வோணும்.”

ஏணி பண்டக அறையில் இருந்தது. பண்டக அறைச் சாவி பண்டகக் காப்பாளரின் சட்டைப்பையில் இருந்தது. சட்டை, மருத்துவ விடுப்பில் கோபாலபுரத்தில் இருந்தது. சாவிக்கு ஆள் அனுப்பினார்கள். ஆள் தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு ஸ்கூட்டர் வளாகத்துக்குள் நுழைந்தது. கறுப்புக் கோட்டு மடியாமல் இறங்கியவர் அதீபா, ஆற்றங்கரைக் கூட்டமைப்பின் வழக்கறிஞர். கையில் இன்னும் சூடு ஆறாத நீதிமன்ற உத்தரவு.

“கொடி விஷயத்துல தற்போதைய நிலை அப்படியே தொடரணும். அடுத்த விசாரணை வரைக்கும் யாரும் எதையும் மாத்தக் கூடாது” என்று உரக்கப் படித்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். “அது என்ன பொட்டலம்?”

சேரனுக்கு உயிர் வந்தது. “அதான் கொடி! ஏறிடுச்சு! மேலதான இருக்கு? தற்போதைய நிலைன்னா கொடி உச்சியில இருக்கிற நிலை.”

“எங்க சார் பறக்குது? ஒரு நண்டுக் காலாவது தெரியுதா? கொடி பறக்காத நிலைதான் தற்போதைய நிலை.”

“ஏறுனது ஏறுனதுதாம்மா!”

“தாலி பார்சல்ல வந்தா கல்யாணம் ஆயிடுச்சுன்னு அர்த்தமா சார்?”

பந்தோபஸ்துக்கு வந்து இருவருக்கும் நடுவில் நின்ற இன்ஸ்பெக்டர், கயிற்றின் நுனியைத் தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு, இரண்டு கான்ஸ்டபிள்களைக் கம்பத்துக்குக் காவல் போட்டார். கொடியை விரித்தால் கோர்ட் அவமதிப்பு. இறக்கினாலும் அவமதிப்பு. ஆக, இந்திய வரலாற்றில் எந்த மன்னருக்கும் கிடைக்காத பாதுகாப்போடு கரைகண்டவேளின் கொடி ஏறியும் ஏறாமலும் பொட்டலமாக நின்றது.

தொலைக்காட்சிகளுக்கு அது பொங்கல் விருந்து. ‘ஏறியதா, ஏறவில்லையா’ என்று எட்டுப் பேர் எட்டுப் பெட்டிக்குள்ளிருந்து கத்தினார்கள். தி.நகரில் ஒரு கடை, சுருட்டிக் கட்டிய கருநீலத் துணியைச் சாவிக்கொத்தில் மாட்டும் பொம்மையாக விற்றது. மீட்புக் குழு ‘உச்சியில் நிற்கிறான் வேள்’ என்று சுவரொட்டி ஒட்டியது. அதற்குப் பக்கத்திலேயே கூட்டமைப்பு ‘வாயைத் திறக்க முடியவில்லை வேளுக்கு’ என்று ஒட்டியது. இரண்டு தரப்பும் வெற்றி விழாக் கொண்டாடின. கேசரி இரண்டு இடத்திலும் ஒரே கடையிலிருந்துதான் போயிற்று.

இருபத்தொன்றாம் தேதி வங்கக் கடலில் காற்றழுத்தம் வந்தது. மதிவாணன் வீடு வேளச்சேரியில். முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு போன் செய்தார். பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பஸ், ஒரு வேன், பாதித் தூரம் நடை என்று தேவானை பத்து மணிக்கெல்லாம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“கொடி எப்படிம்மா இருக்கு?”

“அப்டியே கீது சார்.”

“காத்து பலமா அடிக்குதே, அவுந்துடுமா?”

“அவுந்தா இன்னா பண்ணணும்னு வாட்சப்புல எய்தி அனுப்பு சார்.”

லைன் துண்டிக்கப்பட்டது. தேவானை வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். மழை பொட்டலத்தை அறைந்துகொண்டிருந்தது. மழைக்கோட்டுக்குள் நின்ற கான்ஸ்டபிள் ஜவஹர், “இன்னாக்கா, தாங்குமா? அவுந்துச்சுன்னா எனக்குத்தான் மொத ஆப்பு” என்றான். “பருத்திக் கவுறு நைனா. நனைய நனைய இறுகும். நீ போயி டீ குடி” என்றாள். சென்னையில் அன்றைக்கு நாற்பது மரம் சாய்ந்தது. மூன்று பேனர் பறந்தது. தேவானையின் முடிச்சு நூலளவும் நகரவில்லை.

மழை விட்ட பிறகு வெயிலோடு இன்னொரு சங்கதி வந்தது. ‘அரசாணை இல்லாமல் கொடி கட்டச் சொன்னது யார்? பெயரோடு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்க’ என்று நீதிமன்றம் கேட்டிருந்தது. மேலிடம் மதிவாணனைப் பார்த்தது. மதிவாணன் வழக்கம் போலக் கீழே பார்த்தார். கீழே ஸ்டூல் இருந்தது.

இருபத்தைந்தாம் தேதி ஐவி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

“என் கையாலயே டைப் அடிக்க வெச்சுட்டாரும்மா. உனக்குப் பதினேழு-பி. முடிச்ச முறையா போடாம அரசாங்கத்துக்கு அவப்பேர் உண்டாக்கிட்டியாம். முப்பதாம் தேதிக்குள்ள கையில குடுத்துடணுமாம்.”

தேவானை கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே வைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னும் இதே படிக்கட்டருகில்தான் ஒரு காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கேட்க ஒரு கேள்விகூட அவளுக்குத் தோன்றவில்லை.

“அதுல இன்னா எய்தி கீது? வரி வரியா சொல்லு.”

ஐவி மனப்பாடமாகச் சொன்னாள். தேவானை ஒரு வரியில் கையைக் காட்டி நிறுத்தினாள். அதை மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு கை கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். ஐவியும் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள், எதையோ எழுதிக்கொள்ள வந்தவள் மாதிரி.

“சார், எனக்கு மெமோ ரெடி ஆயிடுச்சாமே. குடு சார்.”

மதிவாணன் எதிர்பார்க்கவில்லை. அழுகை எதிர்பார்த்திருந்தார், காலில் விழுவதை எதிர்பார்த்திருந்தார். “என்ன பண்றது தேவானை? மேலேர்ந்து பிரஷர். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

“பரவால்ல சார். ஆனா அதுல ஒரு வரி கீதாமே. ‘நண்டுக்கொடியை முறையாக முடிச்சிட்டு ஏற்றுமாறு கண்காணிப்பாளர் அறிவுறுத்தியிருந்தும்’னு.”

“ஆமா. சொன்னேனே.”

“அத்த அப்டியே கையெழுத்து போட்டு, சீல் குத்தி குடு சார். அந்த வக்கீல் பொண்ணு ஊரு பூரா அத்ததான் தேடிகினு கீது. கட்டச் சொன்னது யாருன்னு கோர்ட்டு கேக்குதாமே? எனக்கு ஒரு காப்பி, அதுக்கு ஒரு காப்பி.”

மதிவாணன் மெமோவைப் பார்த்தார். தன் பேனாவைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திருகி மூடினார்.

“அந்த வரிய எடுத்துட்டா?” என்றார் ஐவியிடம், மெல்லிய குரலில்.

ஐவி குறிப்பேட்டிலிருந்து தலை நிமிரவில்லை. “எடுத்துட்டா, யாருமே கட்டச் சொல்லலன்னு ஆயிடும் சார். சொல்லாத வேலைய சரியா செய்யலன்னு எப்படி சார் மெமோ குடுக்கிறது?”

மதிவாணனின் சுழலும் நாற்காலி அரைச் சுற்றுச் சுழன்று சுவரைப் பார்த்தது. சுவரிலும் யோசனை எதுவும் எழுதியிருக்கவில்லை. திரும்பி வந்தது. மெமோவை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“போ. நான் உன்கிட்ட கொடி பத்தி எதுவும் சொல்லல. போதுமா?”

இந்த வாக்கியத்துக்குத்தான் தேவானை ஒன்பது வருஷம் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் சொன்னாள்:

“அத்த எய்தி குடு சார்.”

எழுதினார். வேறு வழியில்லை. மறுத்தால் சொன்னதாக ஆகும். ‘நண்டுக்கொடி தொடர்பாக அலுவலக உதவியாளர் திருமதி தேவானைக்கு என்னால் எந்த அறிவுறுத்தலும் வழங்கப்படவில்லை. அவர் மீது குறை ஏதுமில்லை.’ இரண்டாவது வாக்கியம் ஐவி சொல்லச் சொல்ல எழுதியது. கையெழுத்து, தேதி, முத்திரை. தேவானை அதை ஜவுளிக்கடைப் பையில் டீச் சீட்டுகளுக்கு மேல் வைத்தாள். ஒரு நகல் பதவி உயர்வுக் கோப்புக்குள் போயிற்று. போட்டது யார் என்று கோப்பில் இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி, கட்டச் சொன்னவர் பெயரைத் தர அரசாங்கம் அவகாசம் கேட்க, நீதிமன்றம் சொன்னது: வழக்கு முடிகிற வரை பொட்டலத்தை விரிக்காமல், அவிழ்க்காமல், அப்படியே இறக்கி, அந்த அலுவலகத்தின் பதிவறையிலேயே பாதுகாக்க வேண்டும். இரு தரப்பும் பார்க்க, அதைக் கட்டியவரே இறக்க வேண்டும். உத்தரவில் பெயர் இருந்தது: திருமதி தேவானை. டீச் சீட்டுகளைத் தவிர்த்தால், இருபத்து நான்கு வருஷ சேவையில் முதல் தடவையாக அவளுக்கு எழுத்தில் ஒரு ஆணை. அவள் அதை ஐவியை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு ஏணி வந்தது. முகப்பு மாடத்தின் மேல் சாத்தினார்கள். தேவானை ஏறினாள். சந்து நிறைய ஜனம், கச்சேரி சாலையில் பஸ்களே நின்றுவிட்டன. சிக்கிய கயிற்றை உருளையிலிருந்து இரண்டு விரலால் எடுத்துவிட்டு, பொட்டலத்தை அவிழ்க்காமல் கம்பக் கயிற்றிலிருந்து அறுத்தெடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர்க் குடத்தோடு வருகிறவள் மாதிரி படிப்படியாக இறங்கினாள். ஒரு இதழ் சிந்தவில்லை. கீழே கைதட்டல். முதலில் தட்டியது சேரன் ஆட்களா, அதீபா ஆட்களா என்பதைப் பற்றி அன்று மாலை இரண்டு சேனல்களில் விவாதம் நடந்தது.

“மழைக்கும் புயலுக்கும் நம்ம கொடி உச்சிய விட்டு இறங்கல பாத்தீங்களா? எல்லாம் இந்தம்மா கைராசி!” என்று சேரன் தன் துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்தினார்.

அதீபா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “அக்கா, உண்மையச் சொல்லுங்க. நீங்களும் ஆத்தங்கரைதானே? அந்த முடிச்சு தானா இறுகுச்சா, இல்ல…”

“எய்தி கேளும்மா” என்றாள் தேவானை.

மறுநாள் பட்டியல் வந்தது. டிசம்பர் முதல் வாரம் பதிவறையின் சாவி தேவானை கைக்கு வந்தது. உள்ளே ஒரு நாற்காலி. முதுகுப் பலகையில் பிரம்பு கொஞ்சம் பிய்ந்திருந்தது, இடது கைக்கட்டை ஆடியது. அவள் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் கட்டைகளின் மேல் நீட்டி வைத்தாள். ஐவி வாசலில் நின்று போனில் படம் எடுத்தாள். அந்தப் படம் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக்கும் போய்ச் சேர்ந்தது. தரமணியில் வேலை பார்க்கிற மகள் அன்புக்கரசி ஆபீஸ் பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினாளாம்.

பொட்டலத்தை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த பிரச்சினை. அலமாரிகளில் ஆற்றங்கரை வரைபடங்கள் அடைத்துக் கிடந்தன. அவள் பிறந்த தெருவும் அவற்றில் ஒன்றில் பெயரில்லாத கோடாக எங்கோ இருந்தது, சாவகாசமாகத் தேடிக்கொள்ளலாம். நீதிமன்றச் சொத்தைத் தரையில் வைக்க முடியாது. தேவானை வெளியே போய், மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த தன் பழைய ஸ்டூலைத் தூக்கி வந்தாள். மூலையில் போட்டு, நாலாவது காலை ஒரு தட்டுத் தட்டிச் சரி பார்த்து, கரைகண்டவேளை அதன் மேல் உட்கார வைத்தாள்.

ராஜா ஸ்டூலில், தேவானை நாற்காலியில். வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு தரப்பும் தாங்களே ஜெயிப்போம் என்கிறார்கள்.

மூன்றாம் நாள் மதிவாணன் பதிவறை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே உட்கார வேறு இருக்கை இல்லை.

“தேவானை… அம்மா, பழைய வேளச்சேரி ஏரிக் கோப்பு ஒண்ணு அவசரமா வேணும். எடுத்துக் குடு.”

தேவானை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். கோரிக்கைச் சீட்டுக் கட்டை அவர் பக்கமாகத் தள்ளி, அதன் மேல் ஒரு பேனாவையும் வைத்தாள்.